பழைய மோரிஸ் டெலிவரி வேனை மீட்டெடுப்பது எப்படி: பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள நிபோங் திபாலில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில்தான் அந்த வேனை முதலில் பார்த்தேன். நான்கு டயரும் மண்ணில் அமுங்கியிருந்தன. கூரைமேல் கோழிக்கூண்டு. உடம்பு முழுக்க யாரோ அவசரமாகப் பூசிய சாம்பல் பெயிண்ட். மாலை வெயில் சாய்வாக வலப்பக்கத் தகட்டில் விழுந்தபோது, சாம்பலுக்கு அடியில் எழுத்துகள் மெல்லப் புடைத்துத் தெரிந்தன. "மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மொத்த விற்பனை." அன்றே வாங்க முடிவு செய்துவிட்டேன். வாங்கி, ஓட வைத்து, பினாங்குத் தீவுக்குக் கொண்டு வர எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

இப்படி ஒரு வேன் உங்கள் கையில் கிடைத்தால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான்: தேய்ப்பதற்கு முன் படியுங்கள். கார் ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்றது. டெலிவரி வேன் ஒரு கடையை, ஒரு தெருவின் வியாபாரத்தை, எத்தனையோ வீட்டுச் சமையலை ஏற்றிச் சென்றது. அந்தக் கதை எழுதப்பட்டிருப்பது தகட்டின் மேல் இருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பெயிண்டில்.

எந்த வேன் இது?

மோரிஸ் மைனர் கார் 1948ல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். அதன் வேன் வகை 1953ல் வந்தது. அதைக் கால் டன் வேன் என்றார்கள், அதாவது சுமார் 250 கிலோ சுமை. கடைசிக் காலத்தில் 400 கிலோ வரை ஏற்றும் வகையும் வந்தது. காரும் வேனும் முகத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அடியில் வேறு. காருக்கு உடம்பே எலும்பு. வேனுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, அதன்மேல் கேபினும் பின்பெட்டியும் உட்கார்ந்திருக்கும். மீட்டெடுப்பவருக்கு இது பெரிய வரம். ஏன் என்பதைத் துருவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

வயதைக் கண்டுபிடிக்க முன்கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தைய அமைப்பு. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தையது. இஞ்சின் முதலில் 803 சிசி, 1956லிருந்து 948, 1962லிருந்து 1098. ஆனால் இஞ்சினை மட்டும் நம்பாதீர்கள், வேலை செய்த வேனில் அது ஒருமுறையாவது மாறியிருக்கும். 1968க்குப் பிறகு ஆஸ்டின் பெயரிலும் இதே வேன் விற்கப்பட்டது, அதன் முன்கம்பி அலையலையாக இருக்கும். பிரிட்டிஷ் தபால் துறைக்குப் போன தொடக்க கால வேன்களுக்கு முன் மட்கார்ட் ரப்பரில் இருந்தது, இடித்தால் நசுங்காமல் இருக்க. 1971ல் பர்மிங்ஹாமில் உள்ள ஆடர்லி பார்க் ஆலை மூடப்படும்வரை, வேனும் பிக்-அப்பும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன.

மலேசியாவில் பாகங்களைச் சேர்த்துக் கார் செய்யும் முதல் ஆலை ஷா ஆலாமில் 1967ல்தான் தொடங்கியது. அதனால் உங்கள் வேன் அதற்கு முந்தையது என்றால் கப்பலில் வந்திருக்க வேண்டும்.

முதலில் காகிதம்

பணம் கொடுப்பதற்கு முன் கிராண்டை, அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தைக் கேளுங்கள். கிராண்டில் உள்ள சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று நேரில் பாருங்கள். அந்த இரண்டையும் எழுதிக்கொண்டு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கவுண்டருக்குப் போய், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, கடன் பாக்கியோ தடையோ இருக்கிறதா என்று கேளுங்கள். கிராண்ட் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும், அதை உதிரி பாகத்துக்கு மட்டுமே வாங்கலாம். சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு முன் பி5 என்ற வாகனப் பரிசோதனை உண்டு, ஆகவே வண்டி எழுந்து நடக்கும் நிலைக்கு வரும்வரை விற்பவரோடு எழுத்தில் உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் முதியவர் என்றால் இது இன்னும் முக்கியம்.

எண் பலகையும் ஒரு சான்றுதான். முதல் எழுத்து எந்த மாநிலத்தில் முதலில் பதிவானது என்று சொல்லும். கோலாலம்பூரில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1974 பிப்ரவரியில் கூட்டரசுப் பிரதேசம் ஆன பிறகே தலைநகருக்கு டபிள்யூ வந்தது. அதற்கு முன் கோலாலம்பூர் வேன்கள் சிலாங்கூர் எழுத்தில்தான் ஓடின. ஆகவே சிலாங்கூர் எண்ணைப் பார்த்து, இது சிலாங்கூர்க் கிள்ளான் வண்டி, கோலாலம்பூர்ச் செந்தூல் வண்டி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தேய்ப்பதற்கு முன்

இங்கேதான் நான் ஒரு பாதியை இழந்தேன். வாங்கிய வாரத்திலேயே வேனை ஒரு தகடு தட்டும் பட்டறையில் விட்டிருந்தேன். "எதையும் தொடாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போனபோது இடப்பக்கம் முழுவதும் வெறும் தகடாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. கிரைண்டர் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் என்ன எழுதியிருந்தது என்பது போயே போய்விட்டது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆகவே வண்டியை யாரிடம் விட்டாலும் கதவு, பக்கவாட்டு, பின்கதவு எல்லாவற்றிலும் "தேய்க்கக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் வெளிச்சம். இருட்டான இடத்தில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். கையால் எழுதிய எனாமல் எழுத்து சுற்றியுள்ள பெயிண்டைவிடத் தடிமனாக இருக்கும், அதன் ஓரம் நிழல் விழுத்தும். ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். அடுத்து தண்ணீர். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் மங்கிய நிறம் சில நிமிடம் தெளிவாகும்.

அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். நான் 1000 எண் நீர் உப்புத்தாளில் தொடங்கினேன். உள்ளங்கையளவு இடத்தில், சோப்புத் தண்ணீர் விட்டு, வட்டமாக, பொறுமையாக. மேல் நிறம் மெலிந்து அடுத்த நிறம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மரத்தை வெட்டினால் வளையம் தெரிவதுபோல நிறங்கள் வட்டவட்டமாகத் தெரியும். என் வேனில் மேலே சாம்பல், அதன் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெளிர்நீலம். எழுத்து பச்சையின் மேல் இருந்தது. அதாவது மசாலாக்காரர் இரண்டாவது உடைமையாளர், நீலம் அவருக்கு முந்தையவர் காலத்தது. இந்த ஒரு உள்ளங்கை வட்டம் எனக்குச் சொன்ன வரலாறு எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எழுத்து தெளிந்ததும் மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மார்க்கரால் அளவு மாறாமல் படி எடுங்கள். தாளின் நான்கு மூலையும் எந்த போல்ட், எந்தக் கீலுக்கு நேராக வருகிறது என்று குறித்துவிடுங்கள். ஓட்டுநர் கதவின் கீழே சிறிய எண்கள் இருந்தால் அவற்றையும் விடாதீர்கள். சரக்கு வண்டியில் சுமையில்லா எடை, சுமையோடு எடை, உடைமையாளர் பெயர், முகவரி எல்லாம் எழுதுவது இங்கே நெடுநாள் வழக்கம். அந்த முகவரிதான் உங்கள் முதல் துப்பு.

எழுத்தே தேதியும் சொல்லும். தமிழில் 'விற்பனை', 'விலை' போன்ற சொற்களில் ஐகாரம் யானைத் துதிக்கைபோல வளைந்து எழுத்தோடு ஒட்டியிருந்தால் அது பழைய வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978ல் 13 எழுத்துகளைச் சீர்திருத்திய பிறகே இன்றைய வடிவம் மெல்ல மெல்ல இங்கும் பரவியது. மலாய்ச் சொற்களுக்கு 1972 எழுத்துச் சீர்திருத்தம் ஓர் எல்லைக்கோடு. 'சாப்' என்ற முத்திரைச் சொல்லில் சி எழுத்துக்குப் பின் எச் இருந்தால் வாசகம் அதற்கு முந்தையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்றும் பாருங்கள். இலக்கம் குறையக் குறைய வயது கூடும்.

பெயரும் முகவரியும் கிடைத்தால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியத்தில் தேடுங்கள். பழைய தமிழ் முரசு அங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது, விளம்பரங்களோடு. தீபாவளி, பொங்கல் இதழ்களில் கடைக்காரர்கள் வாழ்த்து விளம்பரம் கொடுப்பது வழக்கம் என்பதால் அந்த வாரங்களை முதலில் புரட்டுங்கள். அப்புறம் நேரில் போங்கள். எழுத்தின் படத்தை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில், லெபோ குயின் மாரியம்மன் கோயில் வாசலில், பழைய மளிகைக் கடைகளில் காட்டுங்கள். எழுபதைத் தாண்டியவர்களிடம் காட்டுங்கள். அவசரப்படாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள்.

கழற்றுவது

ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி ஜிப் பையில், பைமேல் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு. இவை அங்குல அளவு போல்ட்டுகள், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் தலை வழுக்கிவிடும். கதவின் உள்வயிற்றையும் இருக்கைக்கு அடியையும் சுத்தம் செய்யும்போது தூசி உறிஞ்சும் கருவியைப் போடாமல் கையால் துழாவுங்கள். என் வேனின் கதவுக்குள் மஞ்சள் பொடி கட்டியாகக் கிடந்தது, கூடவே ஒரு ஃபெரி டிக்கெட்டின் பாதி. பினாங்குப் பாலம் 1985ல்தான் திறந்தது. அதற்கு முன் தீவிலிருந்து பட்டர்வொர்த் போன மிளகாய்த்தூள் மூட்டை ஒவ்வொன்றும் ஃபெரியில்தான் கடலைத் தாண்டியது. அந்தக் கிழிந்த டிக்கெட்டை இப்போது கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருக்கிறேன்.

துரு

கடற்காற்று பினாங்கில் இரும்பைச் சும்மா விடாது. சேஸிஸில் பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், கேபின் தரை, கதவின் அடிவிளிம்பு, கூரை ஓரத்து நீர்க்கால்வாய், பேட்டரி உட்காரும் தட்டு, முன்சக்கரத்துக்கு மேல் உள்ள உள்தகடு: இவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே அழகாக இருந்து உள்ளே பிஸ்கட்டாக இருக்கும்.

தனிச் சேஸிஸ் என்பதால் கேபினையும் பெட்டியையும் போல்ட் கழற்றித் தூக்கி, எலும்பை மட்டும் தனியாக வெல்டிங் செய்யலாம். தூக்குவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேபின் வளைந்து பிறகு கதவு மூடாது. சேஸிஸ் எண் உள்ள இடத்தில் எக்காரணம் கொண்டும் கிரைண்டரோ வெல்டிங்கோ படக் கூடாது. அந்த எண் போனால் வண்டிக்குச் சட்டப்படி உயிர் போன மாதிரி.

பெட்டிக்குள் மூட்டைகள் உராய்ந்து வழவழப்பான தகடும், டின் இடித்த சிறு பள்ளங்களும் இருக்கும். பலர் அவற்றைப் புட்டிப் பசை போட்டு நிரப்புகிறார்கள். நான் நிரப்பவில்லை. துரு ஆபத்து, அதை வெட்டி எடுக்க வேண்டும். பள்ளம் ஆபத்தில்லை, அது வேலை செய்த அடையாளம்.

பிரேக்கும் முன்சக்கரமும்

பட்டர்வொர்த்தில் எனக்கு உதவிய ஓய்வுபெற்ற ஃபோர்மேன் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, இஞ்சின் ஓடலேன்னா வண்டி நிக்கும். பிரேக் இல்லேன்னா நிக்காது. எதை முதல்ல பாக்கணும்னு நீயே சொல்லு." அந்த வரிசையையே பின்பற்றுங்கள்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே குழாய்ச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஆகவே பழைய குழாய், ரப்பர் ஹோஸ், சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாமே புதிது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் தரைக்கு அடியில் இருக்கிறது. எண்ணெய் அளவைப் பார்க்கத் தரைவிரிப்பைத் தூக்க வேண்டும் என்பதால் பலரும் பார்ப்பதே இல்லை. நம் ஈரக்காற்றில் பிரேக் எண்ணெய் தண்ணீரை உறிஞ்சும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இந்த வண்டியின் பேர்போன பலவீனம் முன்சக்கரத்தின் கீழ் டிரன்னியன். திருகுமரை உள்ள அந்தத் துண்டுதான் சக்கரத்தைத் தாங்கித் திரும்பவும் விடுகிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால், ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் அப்படியே மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். பிறகு மாதம் ஒருமுறை கிரீஸ் கன்னை எடுங்கள், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.

இஞ்சினும் மின்சாரமும்

பல ஆண்டு தூங்கிய இஞ்சினை நேரே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு நான்கைந்து நாள் ஊற விடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.38. எண்ணெய் 20டபிள்யூ-50. இதே குடும்பத்து இஞ்சின்தான் மினியிலும் இருந்தது, ஆகவே உள்பாகங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. சிலிண்டர் ஹெட்டைப் பிரித்தால் கெட்டியான வால்வு இருக்கைகளைப் போட்டுவிடுங்கள், பழையவை ஈயம் கலந்த பெட்ரோலுக்கானவை. ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து உட்கூட்டையே மாற்றச் சொல்லுங்கள். ஜாலான் பினாங்கு நெரிசலில் மதியம் ஒரு மணிக்கு நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பழக்க தோஷத்தில் இன்றைய ரேடியோ, ஃபோன் சார்ஜர் எதையாவது அப்படியே இதில் மாட்டினால் நொடியில் கருகிவிடலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள். தொழிற்சாலை இரண்டே இரண்டு ஃபியூஸ் கொடுத்தது. முகப்பு விளக்குக்குத் தனி ஃபியூஸும் ரிலேயும் சேர்ப்பது தோற்றத்தைக் கெடுக்காத நல்ல மாற்றம்.

பெயிண்ட்

செப்டம்பர், அக்டோபரில் வெளியே வைத்து ஸ்ப்ரே செய்யாதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் என்றால் செல்லுலோஸ் பெயிண்ட் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். பினாங்கில் வறண்ட காலம் தைப்பூசத்தையொட்டிய வாரங்கள். நான் தண்ணீர்மலையில் காவடி முடிந்த மறுவாரம் தொடங்கினேன். இரு கலவைப் பெயிண்ட் என்றால் காற்றுக் குழாய் வைத்த முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது, அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். நிறம் கிராண்டில் உள்ளதிலிருந்து மாறினால் ஜேபிஜேயில் பதிவு செய்யுங்கள். என் கிராண்டில் சாம்பல் என்று இருந்தது, பச்சைக்கு மாற்றினேன்.

எழுத்து

உண்மையான எழுத்து மிஞ்சியிருக்கும் தகட்டைப் புதுப்பிக்காதீர்கள். என் வேனின் வலப்பக்கத்தில் சாம்பல் பூச்சை மட்டும் நீர் உப்புத்தாளால் பல மாதம் உட்கார்ந்து எடுத்தேன். ஞாயிறுதோறும் ஓர் எழுத்து, சில வாரம் அரை எழுத்து. 'மஞ்சள்' வெளியே வந்த நாளில் என் அம்மா வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் அடிக்கவில்லை. மெழுகு மட்டும் பூசினேன், நாளைக்கு வேறொருவர் எடுக்க நினைத்தால் எடுக்கலாம்.

புதிதாக எழுத வேண்டிய இடம் வந்தால் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டாதீர்கள். கம்ப்யூட்டர் எழுத்துருக்களில் அந்தத் துதிக்கை ஐகாரம் பெரும்பாலும் இருக்காது. கையால் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, பிளாஸ்டிக் படியில் ஊசியால் துளையிட்டு, சாக்பீஸ் பொடியைத் தட்டி, அந்தப் புள்ளிகள்மேல் எனாமலால் எழுதச் சொல்லுங்கள். பழைய வாசகத்தை எழுதியவர் 'ள்' புள்ளியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்திருந்தால் அப்படியே வையுங்கள். அதைத் திருத்துவது நம் வேலை இல்லை. பின்கதவின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில், எந்தப் பகுதி எந்த ஆண்டில் புதிதாக எழுதப்பட்டது என்று சிறியதாகக் குறித்துவிடுங்கள்.

சாலையில்

2021 தொடக்கத்திலிருந்து கார்கள் ஃபெரியில் ஏற முடியாது. அதனால் வேன் தன் பழைய வழியில் திரும்பி வர முடியவில்லை, பாலத்தில்தான் வந்தது. இடத் தடத்தில் 60க்கு மேல் போகாமல், ஞாயிறு விடியற்காலையில். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கி, எண்ணெய் மாற்றி, பிரேக்கைச் சரிசெய்யுங்கள். நிறுத்தி வைக்கும்போது தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நிறுத்துங்கள், கதவின் அடித்துளைகள் அடைபடாமல் பாருங்கள்.

இடப்பக்கம் இன்னும் வெறும் பச்சையாகவே இருக்கிறது. பார்ப்பவர்கள் வலப்பக்கத்தில் உள்ளதையே அங்கும் எழுதிவிடலாமே என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, அங்கே வேறு ஏதாவது இருந்திருக்கலாம். போன பொங்கலுக்கு லெபோ பாசாரில் வேனை நிறுத்தியிருந்தபோது, முன்பு கடைக் கணக்கு எழுதியதாகச் சொன்ன ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இடப்பக்கத்துக்கு வந்தார். "இங்க ஒரு மிளகாய்ப் படம் இருந்துச்சு ஐயா, செவப்பா, ரெண்டு காம்போட" என்றார். தேதி போட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதே மிளகாயைப் பார்த்த இன்னொருவர் கிடைத்தால் சிவப்பு டின்னைத் திறப்பேன்.